விமான டிக்கெட்டைக் கடைசியில் வாங்குங்கள்: குடும்பத்தோடு வெளிநாட்டில் கால்பந்து பார்க்க

கேள்வி: என் 14 வயது மகன் கால்பந்துப் பைத்தியம். ஐரோப்பாவில் ஒரு தேசிய அணி ஆட்டத்தை நேரில் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாகக் கேட்கிறான். நான், மனைவி, மகன், 6 வயது மகள், 68 வயது அப்பா என ஐந்து பேர். எல்லோருக்கும் விசா தேவை. எந்த மாதிரி ஆட்டத்தைத் தேர்ந்தெடுக்கலாம்? ஆட்ட டிக்கெட், விமானம், ஹோட்டல், விசா, இவற்றில் எதை முதலில் முடிப்பது? சின்னவளையும் மைதானத்துக்குக் கூட்டிப்போகலாமா?

பதில்: பணம் வீணாவது இரண்டாவது கேள்வியில்தான் என்பதால் அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். விமானக் கட்டணம் குறைவாகக் கண்ணில் பட்டதும் ஐந்து டிக்கெட்டை வாங்கிவிட்டு, அப்புறம் ஆட்ட டிக்கெட்டுக்கு அலைபவர்கள்தான் அதிகம். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். ரத்து செய்தால் காசு திரும்பாத எதுவும் கடைசிக்குப் போகட்டும். ஆட்டத்தை முடிவு செய்யுங்கள், அதன் டிக்கெட்டை வாங்குங்கள், ரத்து செய்யக்கூடிய ஹோட்டலைப் பதிவு செய்யுங்கள், விசாவுக்கு விண்ணப்பியுங்கள். விசா கைக்கு வந்த பிறகு விமானம். நடுவில் கட்டணம் கொஞ்சம் ஏறும்தான். விசா மறுக்கப்பட்டு ஐந்து பேரின் விமானப் பணமும் போவதற்கு அது எவ்வளவோ மேல்.

சரி, எந்த ஆட்டம்? உலகக் கோப்பை, யூரோ (ஐரோப்பிய நாடுகளுக்கான கோப்பைப் போட்டி) என்றுதான் மனசு ஓடும். குடும்பத்தோடு முதல் முறை போகிறவர்களுக்கு அதை நான் சிபாரிசு செய்வதில்லை. டிக்கெட் குலுக்கலில் விழ வேண்டும், ஹோட்டல் விலை எகிறும், நாக்அவுட் சுற்று என்றால் யார் ஆடப்போகிறார்கள் என்பதே கடைசி நாட்களில்தான் தெரியும். பல நாடுகளில் நடக்கும் போட்டி என்றால் விசாவும் பெருகும். 2028 யூரோ பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நடக்கிறது. இரண்டுமே ஷெங்கன் வளையத்துக்கு, அதாவது ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டுக்கு, வெளியே இருப்பவை. 2030 உலகக் கோப்பையில் ஸ்பெயினும் போர்ச்சுகலும் ஷெங்கன், மொராக்கோ அப்படியல்ல. ஒருமுறை மட்டும் நுழைய அனுமதிக்கும் ஷெங்கன் விசாவோடு ஸ்பெயினிலிருந்து மொராக்கோவுக்குப் போய்விட்டால், திரும்பி ஸ்பெயினுக்குள் வர முடியாது.

உங்களுக்கு ஏற்றது இந்தப் பெரிய போட்டிகளுக்கான தகுதிச்சுற்று ஆட்டம், அல்லது ஐரோப்பியத் தேசிய அணிகள் தங்களுக்குள் ஆடும் தொடரான நேஷன்ஸ் லீக் ஆட்டம். எதிரணி யார், தேதி என்ன என்பதெல்லாம் மாதக்கணக்கில் முன்பே தெரிந்துவிடும். பெரிய அணி ஒன்று சின்ன நாட்டை எதிர்த்துத் தன் சொந்த மண்ணில் ஆடும் ஆட்டமாகப் பாருங்கள். டிக்கெட்டும் சுலபமாகக் கிடைக்கும், மகனுக்குக் கோல் பார்க்கும் வாய்ப்பும் அதிகம். ஐரோப்பியத் தகுதிச்சுற்றில் நிறைய ஆட்டங்கள் மத்திய ஐரோப்பிய நேரப்படி இரவு 8.45-க்குத் தொடங்குகின்றன. முடிய பத்தரை தாண்டும், அறைக்குத் திரும்ப நள்ளிரவு ஆகிவிடும். வார இறுதியில் மாலை 6 மணி ஆட்டம் கிடைத்தால் சின்னவளுக்கும் அப்பாவுக்கும் அதுதான் நல்லது.

பெண்கள் தேசிய அணி ஆட்டத்தையும் ஒரு பேச்சுக்காகச் சொல்லவில்லை, உண்மையாகவே யோசியுங்கள். 2022 பெண்கள் யூரோ இறுதி ஆட்டத்துக்கு லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் 87,192 பேர் வந்தார்கள். கூட்டத்தில் குழந்தைகள் அதிகம் இருப்பார்கள், டிக்கெட் விலையும் பொதுவாகக் குறைவு. மகனுக்குப் பிடித்த ஆண் வீரர் யாராவது இருந்தால் இந்த யோசனை எடுபடாது என்பது எனக்கும் தெரியும்.

ஒரு நுணுக்கம். இங்கிலாந்து அணி பெரும்பாலும் வெம்ப்ளியில்தான் ஆடும், ஸ்காட்லாந்துக்கு ஹாம்ப்டன் பார்க். ஆனால் ஜெர்மனி, ஸ்பெயின், இத்தாலி ஆகிய நாடுகளுக்கு நிரந்தரமான ஒரே மைதானம் கிடையாது, ஆட்டத்துக்கு ஆட்டம் ஊர் மாறும். தேதி வந்ததுமே தலைநகரில் ஹோட்டல் போட்டுவிட்டால், ஆட்டம் நானூறு கிலோமீட்டர் தள்ளி நடக்கலாம். எந்த ஊர் என்று அந்த நாட்டுக் கால்பந்துச் சங்கம் அறிவிக்கும்வரை பொறுங்கள்.

டிக்கெட்டை அந்தச் சங்கத்தின் அதிகாரப்பூர்வத் தளத்தில் மட்டும் வாங்குங்கள். விற்றுத் தீர்ந்தாலும் சில சங்கங்களும் போட்டி அமைப்பாளர்களும் நடத்தும் மறுவிற்பனைத் தளத்தில் திரும்ப வரும். மற்ற இடங்களில் நூறு யூரோ டிக்கெட்டை நானூறுக்கு வாங்கிப் போய் வாசலில் திருப்பி அனுப்பப்பட்டால் கேட்க நாதியில்லை. இங்கிலாந்தில் அனுமதியில்லாமல் கால்பந்து டிக்கெட் விற்பது 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமே. ஐந்து இருக்கையும் சேர்ந்தாற்போல் கிடைக்காவிட்டால் மூன்று, இரண்டு என்று பிரித்து வாங்குங்கள். பிரித்தாலும் ஒரே பிளாக்காக இருக்கட்டும். பல மைதானங்களில் ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்கு உள்ளேயே நடந்து போக முடியாது.

கோல் கம்பத்துக்குப் பின்னால் இருக்கும் பகுதி மலிவு. அங்கே தீவிர ரசிகர்கள் 90 நிமிடமும் நின்றுகொண்டுதான் பார்ப்பார்கள். 6 வயதுப் பிள்ளைக்கு முதுகுகள் மட்டும்தான் தெரியும். மேல் அடுக்கின் முதல் வரிசை நல்ல இடம் என்று தோன்றும். உட்கார்ந்தால் தடுப்புக் கம்பி சரியாகக் குழந்தையின் கண்ணுக்கு நேரே வரும். பக்கவாட்டுப் பகுதியில், கீழ் அடுக்கின் நடு வரிசைகளில், படிக்கட்டை ஒட்டிய இருக்கைகளைத் தேடுங்கள். அப்பாவுக்கு எத்தனை படி ஏற வேண்டியிருக்கும் என்று சங்கத்தின் டிக்கெட் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டுவிடலாம். குடும்பப் பகுதி என்று தனியாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அதையே எடுங்கள். மகன் ஆதரிப்பது வெளியிலிருந்து வரும் அணி என்றால் ஜெர்சியை யோசித்துப் போடச் சொல்லுங்கள். உள்ளூர் ரசிகர்கள் பகுதியில் எதிரணி நிறத்தோடு வருபவர்களை உள்ளே விடாத மைதானங்கள் உண்டு.

ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். வழக்கமாக 15 நாளில் முடிவு வரும், 45 நாள் வரையும் இழுக்கலாம். விண்ணப்பத்துக்கு விமான முன்பதிவு காட்டினால் போதும், பணம் கட்டிய டிக்கெட் கேட்பதில்லை. குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு கட்டாயம். ஆட்டம் தள்ளிப்போனால் அந்தக் காப்பீடு பைசா தராது.

தள்ளிப்போகுமா என்று கேட்டால், போகும். 2012 அக்டோபர் 16 அன்று வார்சாவில் போலந்து–இங்கிலாந்து தகுதிச்சுற்று ஆட்டம் நடக்க வேண்டும். மைதானத்துக்கு மூடக்கூடிய கூரை இருந்தது, ஆனால் மூடவில்லை. மழையில் புல்தரை குளமாகி, ஆட்டம் மறுநாள் மாலைக்குப் போனது. மறுநாள் காலை விமானத்தை மாற்ற முடியாத ரசிகர்கள் ஆட்டம் பார்க்காமலே ஊர் திரும்பினார்கள். 2025 கிளப் உலகக் கோப்பையில் அமெரிக்காவின் சார்லட் நகரில் நடந்த பென்ஃபிகா–செல்சி ஆட்டத்தை, முடியும் தறுவாயில் மின்னல் அபாயத்தால் நிறுத்தினார்கள். மீண்டும் தொடங்க ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆனது. ஆட்டத்துக்கு மறுநாள் முழுவதையும் காலியாக விட்டு, அதற்கும் அடுத்த நாள் கிளம்புங்கள். இந்தப் பயணத்தில் நான் விட்டுக்கொடுக்கவே சொல்லாத செலவு அந்த ஒரு நாள் அறை வாடகைதான்.

ஹோட்டல் மைதானத்துக்குப் பக்கத்தில் வேண்டாம். ஆட்ட நாளில் அங்கே விலையும் சத்தமும் அதிகம். மைதானத்துக்கு நேராகப் போகும் ரயில் பாதையில், ஏழெட்டு நிலையம் தள்ளி, நிலையத்துக்கு நடந்து போகும் தூரத்தில் எடுங்கள்.

டிக்கெட் இப்போது பெரும்பாலும் மொபைல் செயலியில்தான் வருகிறது. 2024 யூரோவில் கியூஆர் குறியீடு மைதானத்துக்கு அருகே போன பிறகுதான் புளூடூத் மூலம் உயிர்பெற்றது. முந்தைய இரவே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்பது அங்கே நடக்காது. ஐந்து டிக்கெட்டையும் ஒரே போனில் வைக்காதீர்கள். அந்த போன் அணைந்தால் ஐந்து பேரும் வெளியே. செயலி அனுமதித்தால் மனைவியின் போனுக்கு இரண்டை மாற்றிவிடுங்கள். இத்தாலி போன்ற நாடுகளில் டிக்கெட்டில் பெயர் இருக்கும், வாசலில் அடையாள ஆவணத்தோடு ஒத்துப் பார்ப்பார்கள். குழந்தையின் பாஸ்போர்ட்டையும் எடுத்துப் போக வேண்டும். பை ஏ4 தாளைவிடப் பெரிதாக இருந்தால் நிறைய இடங்களில் அனுமதி இல்லை. தண்ணீர் பாட்டிலின் மூடியைக் கழற்றி வாங்கிக்கொள்ளும் மைதானங்கள் இருக்கின்றன, ரொக்கமே வாங்காத மைதானங்களும் இருக்கின்றன.

ஒன்றரை மணி நேரம் முன்பே உள்ளே போய்விடுங்கள். வீரர்கள் பந்து தட்டிப் பயிற்சி செய்வதைக் கிட்டத்தில் பார்ப்பது மகனுக்கு ஆட்டத்தைவிடவும் பிடிக்கலாம். உள்ளே போகும்போதே வாயில் எண் எழுதிய பலகையை எல்லோரும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பிரிந்துவிட்டால் சந்திக்கும் இடமாக மைதானத்தை ஒட்டிய எதையும் வைக்காதீர்கள், கூட்டம் வெளியே வரும் வேகத்தில் அங்கே நிற்க முடியாது. சற்றுத் தள்ளியிருக்கும் ஒரு கடை வாசலையோ பேருந்து நிறுத்தத்தையோ பகலிலேயே பார்த்து வையுங்கள். மகளின் கையில் உங்கள் எண்ணை நாட்டுக் குறியீட்டோடு பேனாவால் எழுதிவிடுங்கள். ஆட்டம் முடிந்ததும் அவசரமே வேண்டாம். ரயில் நிலையத்தில் வரிசையை நிறுத்தி நிறுத்தித்தான் விடுவார்கள். உள்ளே இருக்க விடும்வரை இருக்கையிலேயே உட்கார்ந்திருந்தால் அப்பாவுக்கு வெளியில் நிற்கும் நேரம் குறையும்.

மகளைக் கூட்டிப்போங்கள். காதை மூடும் குழந்தைகளுக்கான ஹெட்ஃபோன் வகைப் பாதுகாப்பு ஒன்று வாங்கி, வீட்டிலேயே இரண்டு மூன்று முறை போட்டுப் பழக்கிவிடுங்கள். முதல் தடவையாக மைதானத்தில் மாட்டினால் பிடுங்கி எறிந்துவிடுவாள். கழிப்பறைக்கு 15 நிமிட இடைவேளையை நம்ப வேண்டாம், 40-வது நிமிடத்திலேயே கிளம்பிவிடுங்கள். இரண்டாம் பாதியில் அவள் தூங்கி விழுந்தால் ஒரு பெரியவர் அவளோடு சீக்கிரமே அறைக்குத் திரும்ப வேண்டியிருக்கும். வெளியே போனால் மறுபடி உள்ளே விடமாட்டார்கள். அந்தப் பெரியவர் நீங்களா, மனைவியா, அப்பாவும் கூடவே கிளம்புகிறாரா என்பதை ஹோட்டலிலேயே பேசி முடித்துவிடுங்கள். 80-வது நிமிடத்தில், ஸ்கோர் சமமாக இருக்கும்போது, அந்தப் பேச்சை எடுத்தால் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள்.