ஊர் கிரிக்கெட் கிளப் புது சீசனுக்கு எங்கிருந்து தொடங்க வேண்டும்?

"எங்கள் ஊர்ப் பசங்க சேர்ந்து கிளப் ஆரம்பித்திருக்கிறோம். இந்தக் கோடையில் சுற்றுவட்டார டோர்னமெண்டுகளில் ஆட வேண்டும், முடிந்தால் நாங்களும் ஒன்று நடத்த வேண்டும். ஜெர்சிக்கு வசூல் தொடங்கலாமா?" என்பது கேள்வி.

தொடங்காதீர்கள். முதலில் பிட்ச். ஜெர்சி கடைசி வாரத்தில் சொன்னாலும் வந்துவிடும். பிட்ச் அப்படி வராது. நான் பார்த்த ஊர் டீம்களில் பாதி, முதுகில் பெயரும் நம்பரும் அடித்துக்கொண்டு, குண்டும் குழியுமான தரையில் பிராக்டிஸ் செய்து, அடுத்த ஊரின் நல்ல பிட்சில் போய் முதல் ரவுண்டிலேயே வெளியேறியவைதான். பந்து எப்படி எழும்பும் என்றே தெரியாத தரையில் எத்தனை நாள் ஆடினாலும், பந்து வருவதற்கு முன்னாலேயே கண்ணை மூடிக்கொண்டு சுற்றுகிற பழக்கம்தான் வரும்.

நான் மானாமதுரைப் பக்கம். இங்கே சீசனைத் தீர்மானிப்பது கண்மாய், அதாவது பாசன ஏரி. ஐப்பசி, கார்த்திகை மழையில் நிறையும், அந்தத் தண்ணீரில் நெல் விளைந்து தையில் அறுவடை முடியும், மாசி பங்குனியில் கண்மாய் வற்றும். வற்றியதும் அதுதான் மைதானம். டெல்டா பக்கம் அறுத்த வயலில் ஆடுவார்கள். இரண்டிலும் மழைதான் தேதி குறிக்கிறது. மழை தாராளமாகப் பெய்த வருடம் ஊருக்கு நல்ல வருடம், கிளப்புக்கு லேட் வருடம். சித்திரை பிறந்தும் நடுக் கண்மாயில் எருமை படுத்திருக்கும்.

பிட்சுக்கு இடம் பார்க்கும்போது கரையை ஒட்டிப் போகாதீர்கள். தண்ணீர் திறந்துவிடுகிற மடைப் பக்கம்தான் ஆழம், கடைசியாகக் காயும். தண்ணீர் உள்ளே வருகிற மேட்டுப் பக்கம் சீக்கிரம் காய்ந்துவிடும். பிட்ச் வடக்கு தெற்காக இருக்கட்டும். கிழக்கு மேற்காகப் போட்டால் சாயங்கால மேட்சில் ஒரு பக்கத்து பேட்ஸ்மேனுக்குச் சூரியன் நேர் கண்ணில் அடிக்கும். டாஸ் ஜெயித்தவன் அதையே ஆயுதமாக்குவான், அப்புறம் சண்டை. நீளம் 22 கெஜம், அதாவது 66 அடி. அகலம் 10 அடி. ஸ்டம்பிலிருந்து கிரீஸ் கோடு 4 அடி. தப்படி போட்டு அளக்காதீர்கள், கொத்தனாரிடம் டேப் வாங்கி அளங்கள். தப்படிக் கணக்கில் ஒரு கெஜம் குறைந்துபோன பிட்சில் பழகிய பவுலர், வெளியூரில் போய் எல்லாப் பந்தையும் ஷார்ட்டாகப் போடுவான்.

கண்மாய் மண் வண்டலும் களியும் கலந்தது. பிட்சுக்கு இதைவிட நல்ல மண் கிடையாது, ஆனால் காய்ந்தால் வெடிக்கும். புல்லைச் செதுக்கி, மேல் மண்ணை லேசாகக் கொத்திக் கட்டி உடைத்து, வெடிப்புகளில் அதே மண்ணைக் குழைத்து அடைக்க வேண்டும். வேறு இடத்து மணலைக் கொட்டினால் தனியாகப் பெயர்ந்து வரும். சாயங்காலம் நன்றாகத் தண்ணீர் விட்டு, காலையில் ஒரு பிடி மண்ணை எடுத்து உருட்டிப் பாருங்கள். உருண்டை உடையாமல் நிற்க வேண்டும், விரலில் ஒட்டக் கூடாது. அந்தப் பதத்தில் ரோலர் ஓடினால்தான் மண் இறுகும். ஈரம் கூடினால் ரோலரோடு மண் ஒட்டிக்கொண்டு வரும், காய்ந்துவிட்டால் ரோலர் சும்மா ஊர்வலம் போகும். ஒரே நாளில் முடித்துவிட நினைக்க வேண்டாம். தண்ணீர், பதம், உருட்டல் என்று திரும்பத் திரும்ப ஓரிரு வாரம் நடக்க வேண்டும். கடைசியில் நாங்கள் சாணி கரைத்துத் தெளிப்போம், நெல்லடிக்கிற களத்துக்குச் செய்வது போல. தூசி எழாது.

ரோலருக்குக் காசு வேண்டாம். 200 லிட்டர் இரும்பு டிரம்மின் நடுவில் ஒரு குழாயைச் சொருகி, கான்கிரீட்டால் நிரப்பினால் ஏறக்குறைய 480 கிலோ வரும். கான்கிரீட் நன்றாக இறுகும்வரை பொறுத்திருந்து, இரண்டு பக்கமும் கயிறு கட்டி ஏழெட்டுப் பேர் இழுங்கள். இதுவே பாதி உடற்பயிற்சி. யார் இழுக்க வருகிறார்கள், யார் போட்டோ எடுக்க மட்டும் வருகிறார்கள் என்பதும் தெரிந்துவிடும். கேப்டன் தேர்வுக்கு இது ரொம்ப உதவும்.

அனுமதி விஷயம். 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், உள்ள கண்மாய் நீர்வளத் துறையுடையது, அதாவது நாம் பொதுப்பணித் துறை என்று சொல்லிப் பழகியது. அதற்குக் குறைவானது ஊராட்சி ஒன்றியத்துடையது. ஆடுவதற்கு யாரும் தடுக்க மாட்டார்கள். ஆனால் சீமைக்கருவேலத்தை வெட்டுவதற்கும், மண்ணை எடுப்பதற்கும், ஜேசிபி இறக்குவதற்கும் ஊராட்சித் தலைவரிடமும் விஏஓவிடமும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பல ஊர்களில் அந்த மரம் ஏலத்தில் போகிற சொத்து. மூன்று மரம் வெட்டியதற்கு ஏலம் எடுத்தவரோடு பஞ்சாயத்து வைத்த கதை எங்கள் பக்கம் உண்டு. "சிமெண்ட் பிட்ச் போட்டால் நிரந்தரமாக இருக்கும்ல" என்று வெளிநாட்டிலிருந்து ஒரு அண்ணன் பணம் தரத் தயாராக இருப்பார். கண்மாய்க்குள் வேண்டவே வேண்டாம். நீர்நிலை ஆக்கிரமிப்பு என்று கணக்கில் வரும், மழைக்காலத்தில் ஊர்ப் பெரியவர்களின் வாயிலும் விழ வேண்டியிருக்கும்.

பந்து அடுத்தது. போகப்போகிற டோர்னமெண்டில் சாதா டென்னிஸ் பாலா, எடை கூடிய ஹெவி டென்னிஸ் பாலா என்று நோட்டீஸில் உள்ள நம்பருக்கு போன் போட்டுக் கேளுங்கள். சாதா டென்னிஸ் பந்து 56 முதல் 59 கிராம் சொச்சம். கிரிக்கெட்டின் ஸ்டிச் பால் 156 முதல் 163 கிராம். ஹெவி இரண்டுக்கும் நடுவில், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சாதாப் பந்தில் பழகிவிட்டு ஹெவியில் இறங்கினால் பேட் முன்னாலேயே சுற்றிவிடும், கேட்ச் கையைச் சுடும். சித்திரைக் காற்றில் சாதாப் பந்து போகிற திசையே வேறு. பேட்டுக்கு இங்கிலீஷ் வில்லோ எல்லாம் வேண்டாம், காஷ்மீர் வில்லோ போதும். டென்னிஸ் பாலுக்கென்றே பின்பக்கம் குடைந்த லேசான பேட் கிடைக்கிறது. ஜெர்சிக் காசில் அப்படி இரண்டு வாங்கலாம்.

வீட்டில் திட்டும்போது பசங்க வேகப்பந்து வீச்சாளர் நடராஜன் பெயரை இழுப்பார்கள். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பாலில் தொடங்கி, 2020 டிசம்பர் 2 அன்று கான்பெராவில் இந்தியாவுக்கு முதல் ஒருநாள் போட்டி, அதே சுற்றுப்பயணத்தில் டி20, டெஸ்ட் என்று மூன்றிலும் ஆடியவர். 2023-ல் சொந்த ஊரிலேயே மைதானம் கட்டித் திறந்தார். இதெல்லாம் உண்மை. ஆனால் நடுவில் 2015-ல் ரஞ்சி கோப்பைக்கு வந்த கையோடு பந்துவீச்சு முறையில் சந்தேகம் என்று சொல்லப்பட்டு, ஆக்‌ஷனைத் திருத்திக்கொண்டு திரும்பி வந்ததை யாரும் சொல்வதில்லை. டென்னிஸ் பாலில் வேகம் எடுக்கக் கையை மடக்கிப் பழகினால் பிறகு மாற்றுவது கஷ்டம். உங்கள் டீமில் பதினைந்து, பதினாறு வயதுப் பையன் நன்றாகப் போடுகிறான் என்றால், கோடை முடிந்ததும் மாவட்டச் சங்க லீகில் ஆடுகிற ஏதாவது ஒரு கிளப்பில் ஸ்டிச் பால் போட அனுப்புங்கள். டென்னிஸ் கோப்பைக்காகவே அவனை வைத்துக்கொள்வது நியாயமில்லை.

இனி ஆள். இதைச் சொல்லாமல் விடுவதுதான் வழக்கம், நான் சொல்லிவிடுகிறேன். ஊர் டீம் என்று பெயர் இருக்கும், ஆனால் ஒரு தெருவின் டீமாக இருக்கும். காலனிப் பசங்களுக்குத் தனி டீம், தனிப் பிட்ச். புதிதாக ஆரம்பிக்கும்போதே இதைத் தீர்த்துக்கொள்ளுங்கள், கோப்பை வந்த பிறகு தீராது. பிட்ச் எல்லோருக்கும் பொது, ரோலர் இழுத்தவர் யாரும் ஆடலாம் என்று முதல் கூட்டத்திலேயே சொல்லுங்கள். ஜெர்சி நிறத்தைத் தள்ளிப்போடச் சொன்னதற்கு இன்னொரு காரணமும் இதுதான். எங்கள் பக்கம் இரண்டு நிறத்தைச் சேர்த்துப் போட்டாலே இது யாருடைய டீம் என்று பார்ப்பவர்கள் படித்துவிடுவார்கள். கிளப் பெயரிலும் பேனரிலும் தலைவர்கள் படம் வேண்டாம். அப்படி ஒரு படத்தால் அரையிறுதி பாதியில் நின்று போலீஸ் ஜீப் வந்ததைப் பார்த்திருக்கிறேன். நிறம் எல்லோரும் சேர்ந்து முடிவு செய்யட்டும், முடியாவிட்டால் வெள்ளை.

யார் யார் எப்போது ஊரில் இருப்பார்கள் என்பதை வாட்ஸ்அப்பில் இப்போதே கேளுங்கள். திருப்பூரில் இருப்பவன் ஞாயிறு மட்டும் வருவான், சிங்கப்பூரில் இருப்பவன் கோயில் திருவிழாவுக்குத்தான் வருவான். திருவிழா லீவை நம்பி டீம் போட்டால் காலிறுதிக்கு ஏழு பேர்தான் மிஞ்சுவார்கள். சில டோர்னமெண்டில் ஒரே ஊராட்சி ஆட்கள்தான் ஆட வேண்டும், ஆதார் காட்டச் சொல்வார்கள். வெளியூர் ஆளை இறக்கிச் சமாளிக்கலாம் என்ற கணக்கு அங்கே செல்லாது.

பிராக்டிஸ் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆறு ஓவர், எட்டு ஓவர் மேட்சில் ஜெயிப்பது பீல்டிங். எல்லோரும் பேட் பிடிக்க வரிசையில் நிற்பார்கள், கேட்ச் பிடிக்க யாரும் நிற்க மாட்டார்கள். காலை ஆறு மணிக்கு ஆரம்பித்து எட்டரைக்குள் முடியுங்கள். மோர், உப்புச் சர்க்கரைத் தண்ணீர் கையில் இருக்கட்டும். அவுட்பீல்டில் உள்ள வெடிப்புகளையும் மண் போட்டு மூடுங்கள், கணுக்கால் பிசகுவது அங்கேதான்.

நீங்களே டோர்னமெண்ட் நடத்துவது இந்த வருடம் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். அது கிரிக்கெட்டே இல்லை, கல்யாணம் நடத்துவது. முதல் பரிசு கொடுப்பவர், இரண்டாம் பரிசு கொடுப்பவர், அவர்கள் பெயர் நோட்டீஸில் எந்த வரிசையில், எந்த எழுத்து அளவில் என்பதிலேயே இரண்டு பேர் பேசிக்கொள்ள மாட்டார்கள். இந்த வருடம் நாலு இடத்தில் போய் ஆடிவிட்டு, எந்த ஊர் அம்பயரிங்கில் சண்டை வரவில்லை, ஏன் என்று பார்த்து வாருங்கள். இதற்கிடையில் ஒரு பையனை ஸ்கோர் எழுதப் பழக்குங்கள். கிரிக்ஹீரோஸ் ஆப் போட்டாலும் நோட்டிலும் எழுதட்டும், கண்மாய்க்குள் சிக்னல் கிடைக்காது. வசூல் கணக்கையும் அவனிடமே கொடுத்து, அன்றன்றைக்கு குரூப்பில் போடச் சொல்லுங்கள்.

உங்களுக்கு மைதானம் கண்மாயா, தரிசா, பள்ளிக்கூடமா என்று கேள்வியில் இல்லை. பள்ளி மைதானம் என்றால் நான் மண்ணைப் பற்றிச் சொன்னதெல்லாம் தேவைப்படாது. தலைமையாசிரியரிடம் அனுமதியை எழுத்தில் வாங்கிக்கொண்டு, ஒரு தென்னை நார் மேட் வாங்கி ஆணியடித்து விரியுங்கள், போதும். ஆட்டம் முடிந்ததும் ஆணியை எண்ணி எடுத்துவிடுங்கள், திங்கட்கிழமை பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடுவார்கள்.