சிமுலேட்டரில் ஓடுகிறது, பேனலில் ஓடவில்லையே?

கேள்வி: ஐ.டி.ஐ. எலக்ட்ரீஷியன் முடித்துவிட்டு ஓசூரில் ஒரு பேக்கிங் யூனிட்டில் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். டெல்டா பி.எல்.சி.க்கான (மெஷினை இயக்கும் சின்னக் கம்ப்யூட்டர்) சாஃப்ட்வேரை இறக்கி, வீடியோ பார்த்து ஸ்டார்ட்-ஸ்டாப் லேடர் (ஏணி மாதிரி வரைந்து எழுதும் ப்ரோக்ராம்) போட்டேன். சிமுலேட்டரில் ஓடுகிறது, சும்மா கிடந்த பழைய பேனலில் ஏற்றினால் ஸ்டார்ட்டை அமுக்கியும் அசையவில்லை. காசு கட்டி கோர்ஸில் சேர்ந்தால்தான் வருமா?

பதில்: கோர்ஸை அப்புறம் பார்ப்போம். லேடரில் ஸ்டாப்புக்கு என்.சி. (சும்மா இருக்கும்போது மூடியிருக்கும்) காண்டாக்ட் போட்டிருப்பீர்கள், பேனலில் இருக்கிற ஸ்டாப் பட்டனும் என்.சி.யாகவே இருக்கும், அநேகமாக இதுதான் சிக்கல். பட்டனை யாரும் தொடாதபோதே இன்புட்டுக்கு 24 வோல்ட் வந்துகொண்டிருக்கிறது, பி.எல்.சி.க்குள் அந்த இன்புட்டின் பிட் 1 ஆக நிற்கிறது. பிட் 1 என்றால் லேடரில் உள்ள என்.சி. காண்டாக்ட் திறந்துகொள்ளும், ரங் (ஏணியின் அந்தப் படி) அங்கேயே அறுந்துவிடும். சிமுலேட்டரில் வயர் ஏது, பிட் 0 ஆக இருந்தது, ஓடியது. லேடரில் அந்தக் காண்டாக்டை மட்டும் என்.ஓ.வாக (சும்மா இருக்கும்போது திறந்திருப்பது) மாற்றிப் பாருங்கள். பட்டனையே மாற்றிவிட்டால் போச்சு என்று மட்டும் கிளம்பாதீர்கள்! வயர் அறுந்தாலும் மெஷின் நிற்க வேண்டும் என்றுதான் ஸ்டாப்பை என்.சி.யில் இழுக்கிறார்கள். (எமர்ஜென்சி ஸ்டாப் வேறு கதை, அது சாதாரண பி.எல்.சி. ப்ரோக்ராமை மட்டும் நம்பி இருக்கவே கூடாது, சேஃப்டி ரிலே வழியாகப் போக வேண்டும்.)

1960களின் கடைசியில் ஜெனரல் மோட்டார்ஸ் கார் ஆலைகளில் ரிலே பேனல்களுக்கு மாற்றாகத்தான் முதல் பி.எல்.சி.களில் ஒன்றான மோடிகான் 084 வந்தது. எலக்ட்ரீஷியனுக்குப் புரியட்டும் என்றே லேடரை ரிலே சர்க்யூட் மாதிரி வரைந்தார்கள், அந்த வகையில் கம்ப்யூட்டர் படித்தவரைவிட நீங்கள் முன்னால் நிற்கிறீர்கள். ஆனால் அது சர்க்யூட் இல்லை. பி.எல்.சி. இன்புட்டை எல்லாம் ஒருமுறை படிக்கும், ப்ரோக்ராமை மேலிருந்து கீழே ஓட்டும், கடைசியில் அவுட்புட்டை எழுதும், சில மில்லி செகண்டுகளில் திரும்பவும் முதலிலிருந்து. ஒய்0 என்ற ஒரே அவுட்புட்டின் காயிலை வேண்டுமென்றே இரண்டு ரங்கில் போட்டுப் பாருங்கள், கீழே இருப்பதுதான் ஜெயிக்கும். கோர்ஸ் காசில் ஒரு பழைய சின்ன பி.எல்.சி., 24 வோல்ட் எஸ்.எம்.பி.எஸ். (பவர் சப்ளை), இரண்டு புஷ் பட்டன், ஒரு லேம்ப் வாங்கிவிடலாம் என்பது என் கட்சி.

கேள்வி: கன்வேயர் எப்போதாவது தானாக நின்றுவிடுகிறது. ப்ரோக்ராமில் கோளாறா?

பதில்: பல வருடமாக ஓடும் ப்ரோக்ராம் திடீரென்று தானாக மாறாது, லேப்டாப்பைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். சென்சார் முன்னால் இரும்பைக் காட்டினால் பி.எல்.சி.யின் இன்புட் எல்.இ.டி. எரிகிறதா? இல்லையென்றால் சென்சார், கேபிள், 24 வோல்ட் சப்ளை, இந்த மூன்றில் ஒன்று. அவுட்புட் எல்.இ.டி. எரிந்தும் வால்வு இழுக்கவில்லையா, டெர்மினலில் மல்டிமீட்டர் வையுங்கள், அங்கே வோல்டேஜ் இல்லையென்றால் ஃப்யூஸ் போயிருக்கும், அல்லது உள்ளே ரிலே காண்டாக்ட் தேய்ந்திருக்கும். எப்போதாவது மட்டும் வருகிற ஃபால்ட்டுக்கு, கன்வேயரை நிறுத்தக்கூடிய ஒவ்வொரு கண்டிஷனுக்கும் ஒரு மெமரி பிட்டை செட் ஆக விடுங்கள். எது முதலில் நிறுத்தியதோ அது மட்டும் செட் ஆகி, மற்றவற்றைத் தடுக்கும்படி எழுத வேண்டும். ராத்திரி ஷிப்டில் நின்றாலும் காலையில் வந்து பார்த்துக்கொள்ளலாம். இதற்குக் கை வைக்கும் முன் ஓடுகிற ப்ரோக்ராமை பி.எல்.சி.யிலிருந்து எடுத்து பேக்கப் வைத்துவிடுங்கள். ஃபோர்ஸ் (சாஃப்ட்வேரிலிருந்து இன்புட், அவுட்புட்டை வலுக்கட்டாயமாக ஆன், ஆஃப் செய்வது) கொடுத்துப் பார்ப்பதென்றால் மெஷினுக்குள் யாரும் கை விட்டிருக்கக் கூடாது, முடிந்ததும் எல்லா ஃபோர்ஸையும் எடுத்துவிட வேண்டும்.