மாட்டு டாக்டர் பதில்கள்

போன இதழில் கென்யா படங்களைப் போட்டாலும் போட்டார்கள், நாய்க்குச் சொறி, பூனைக்கு வாந்தி என்று வரும் கடிதங்கள் எல்லாம் பின்னுக்குப் போய்விட்டன. சரி, இந்த வாரம் சிங்க வாரம்.

ஆகஸ்டில் குடும்பத்தோடு கென்யாவின் மசாய் மாரா சரணாலயத்துக்குப் போகிறோம். சிங்கம், புலி இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடலாமா?
– ஆர். கோமதி, மேற்கு மாம்பலம்

சிங்கத்தைப் பார்க்கலாம். புலி ஆப்பிரிக்கக் காடுகளில் கிடையாது. அதற்கு முதுமலை போங்கள், செலவும் குறைவு. மாராவில் சிறுத்தை, சிவிங்கிப்புலி இரண்டும் உண்டு. கண்ணிலிருந்து வாய் வரை கறுப்புக் கோடு இறங்கினால் சிவிங்கிப்புலி. டிரைவர் சொல்வதற்கு முன்னால் நீங்களே சொல்லிவிடலாம். காலையில் குளிரும், ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.

மஞ்சள் காய்ச்சல் ஊசி கட்டாயமா? ஏஜென்ட் ‘பாத்துக்கலாம் சார்’ என்கிறார்.
– எஸ். இக்பால், திருவல்லிக்கேணி

விமான நிலையத்தில் நிற்கப்போவது நீங்கள், அவர் அல்ல. கென்யாவிலிருந்து திரும்புகிறவர்களிடம் இங்கே அந்தச் சான்றிதழைக் கேட்பார்கள். இல்லையென்றால் 6 நாள் வரை தனிமையில் வைக்கலாம். நோயைப் பரப்பும் ஏடிஸ் கொசு நம்மூரில் தாராளமாக இருக்கிறது, நோய்தான் இன்னும் வரவில்லை. அதனால்தான் இந்தக் கெடுபிடி. கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். எந்தக் கிழமை என்று கேட்டுக்கொண்டு போங்கள். கிளம்புவதற்கு 10 நாள் முன்பாவது போட்டிருக்க வேண்டும். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் செல்லும். 60 வயதைத் தாண்டியவர்களும் முட்டை ஒத்துக்கொள்ளாதவர்களும் முதலில் டாக்டரைக் கேளுங்கள். என்னையல்ல, மனுஷ டாக்டரை.

மாரா ஆற்றை லட்சக்கணக்கில் வில்டபீஸ்ட் (மாடு மாதிரி இருக்கும் பெரிய மான்) கடப்பதை டிவியில் பார்த்தேன். வேட்டையை நிறுத்தியதால்தான் இப்படிப் பெருகினவா?
– பா. ஜெயந்தி, பெரம்பூர்

கென்யா வேட்டையைத் தடை செய்தது 1977ல். மந்தை அதற்கு வெகு முன்பே பெருகத் தொடங்கிவிட்டது. காரணம் எங்கள் தொழில்காரர்கள், அம்மா.

வெக்கை நோய் என்று கிராமத்துப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்த காலத்தில் அது கண்ட மாடுகளைப் பார்த்திருக்கிறேன். கண்ணில் நீர் வடியும். உதட்டை மடக்கிப் பார்த்தால் ஈறெல்லாம் தவிட்டை அப்பியது போலப் புண். அப்புறம் நிற்காத கழிச்சல்; சில நாளில் தொழுவமே காலி. இந்தியாவில் 1995க்குப் பிறகு அது இல்லை.

இந்த நோய் 1880களின் கடைசியில் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குள் நுழைந்தது. நம் நாட்டிலிருந்து கப்பலில் போன மாடுகளோடு போனது என்றுதான் பலரும் சொல்கிறார்கள். மசாய் மக்களின் மாடுகள் மடிந்து பஞ்சம் வந்தது. காட்டெருமைக்கும் வில்டபீஸ்டுக்கும் தொற்றியது. தாயிடமிருந்து கிடைத்த எதிர்ப்புச் சக்தி தீர்ந்ததும் கன்றுகள் விழுந்துவிடும். மாராவும் அதை ஒட்டி தான்சானியாவில் இருக்கும் செரெங்கெட்டியும் சேர்ந்து, 1960களின் தொடக்கத்தில் வில்டபீஸ்ட் மந்தை ஏறத்தாழ இரண்டரை லட்சம்தான்.

அந்தச் சமயத்தில் காட்டைச் சுற்றியிருந்த வீட்டு மாடுகளுக்கு ஊசி போட்டார்கள். நைரோபிக்குப் பக்கத்தில் முகுகாவில் வால்டர் பிளவ்ரைட் குழு உருவாக்கிய தடுப்பூசி பிறகு உலகம் முழுக்கப் போனது. வில்டபீஸ்டைப் பிடித்து ஊசி போட்டவர் யாருமில்லை. மாட்டிடமிருந்து தொற்றுவது நின்றதும் காட்டிலும் நோய் அற்றுப்போயிற்று. 1970களின் கடைசியில் மந்தை 13 லட்சம். அத்தனை வாயும் மேய்ந்ததில் புல் குட்டையாகி, காட்டுத்தீ குறைந்து, மரக்கன்றுகள் தலையெடுத்தன. 2011ல் அந்த நோயே உலகத்தில் இல்லை என்று அறிவித்தார்கள். பெரியம்மைக்கு அடுத்து மனிதன் ஒழித்தது அதுதான். கேமராக்காரர்கள் ஆற்றங்கரையில் முதலைக்காகக் காத்துக் கிடக்கிறார்கள். மாட்டுக்கு ஊசி போட்டவனை எவன் படம் எடுத்தான்?

நைரோபியில் அரை நாள்தான் இருப்போம். ஊருக்குள்ளேயே பூங்கா இருக்கிறதாமே, நம் கிண்டி மாதிரியா?
– வி. முரளி, வேளச்சேரி

கிண்டி தேசியப் பூங்கா 3 சதுர கிலோமீட்டர்கூட இல்லை. நைரோபி தேசியப் பூங்கா 117. கென்யாவின் முதல் தேசியப் பூங்காவும் அதுதான், 1946ல் வந்தது. கருப்புக் காண்டாமிருகம் பார்க்க நல்ல இடம். யானை கிடையாது. மூன்று பக்கம் வேலி; தெற்கே மட்டும் திறந்திருக்கும், மந்தைகள் கிடென்கெலா பக்கம் போய்வரும். அங்கேயும் இப்போது மனை போட்டு வேலி கட்டுகிறார்கள். பூங்காவுக்கு மேலேயே பாலம் கட்டி ரயில் விட்டாயிற்று. நம் கிண்டி வெளிமானுக்கு வெளியே போக வழி என்றைக்கோ அடைபட்டுவிட்டது.

சைவச் சாப்பாடு கிடைக்குமா? புளியோதரை கட்டிக்கொண்டு போகலாமா?
– லலிதா, மயிலாப்பூர்

நைரோபியில் குஜராத்திகள் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். பட்டினி கிடக்க மாட்டீர்கள். புளியோதரை தாராளமாக, ஆனால் எவர்சில்வர் டப்பாவில். பிளாஸ்டிக் பைக்கு 2017லிருந்து அங்கே தடை. 2020லிருந்து பூங்காக்களுக்குள் ஒருமுறை பயன்படுத்தும் தண்ணீர் பாட்டிலும் கூடாது. மஞ்சப்பை வீட்டில் இருக்குமே, அதை எடுத்துக்கொள்ளுங்கள். வண்டி நிற்கும் இடத்தில் டப்பாவைத் திறந்து வைக்காதீர்கள், பபூன் குரங்குக்குப் புளி ஆகாது என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.