கூரைக்கு நிதி கேட்கப்போன இடத்தில் தரகருக்கு ஏன் 80 ஆயிரம்?

கேள்வி: ஏற்காடு மலையில், நாகலூர்ப் பக்கம் ஒரு சிற்றூர் எங்களுடையது. ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் 28 பிள்ளைகள் படிக்கிறார்கள். மழை பிடித்தால் ஒரு வகுப்பறை ஒழுகுகிறது. ஆண்டுக்குப் பத்தாயிரம் ரூபாய் மானியம்தான் வருகிறது என்கிறார் தலைமையாசிரியர். கீழே சமவெளிப் பள்ளிகளுக்கு 50 ஆயிரம், 75 ஆயிரம் வருகிறதாம். சேலத்திலிருந்து வந்த ஒருவர், பெரிய கம்பெனியிடம் 8 லட்சம் வாங்கித் தருவதாகவும், அதில் 10 சதவீதத்தை முன்பணமாக ஊரார் கொடுக்க வேண்டும் என்றும் சொல்கிறார். பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு நான்தான் தலைவி. குழுவின் கடிதமும் முத்திரையும் வாங்கிப் போயிருக்கிறார். பணம் கொடுக்கலாமா?

பதில்: ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள் அம்மா. பள்ளித் தணிக்கைக் கணக்குகளோடு பல ஆண்டுகள் மல்லாடியவன் என்ற முறையில் சொல்கிறேன், உதவி பெறுகிறவரிடமே முன்பணம் கேட்கிற எந்த நிதியும் வந்து சேர்ந்ததை நான் பார்த்ததில்லை.

முதலில் மானியக் கணக்கு. உங்கள் தலைமையாசிரியர் சொன்னது உண்மை. ஒருங்கிணைந்த பள்ளிக்கல்வித் திட்டத்தில் 30 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு 10 ஆயிரம், 100 வரை 25 ஆயிரம், 250 வரை 50 ஆயிரம், 1,000 வரை 75 ஆயிரம். தலைக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால் 200 பிள்ளைகள் உள்ள பள்ளியைவிட உங்கள் பள்ளிக்குத்தான் அதிகம் விழும். ஆனால் ஒழுகுகிற கூரை தலையை எண்ணிப் பார்த்தா ஒழுகுகிறது? மின்கட்டணமும் கழிப்பறைக் குழாயும் 28 பிள்ளைகளுக்கும் வேண்டும், 200 பிள்ளைகளுக்கும் வேண்டும். சிமென்ட் மூட்டை சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வரவேண்டும். இதையெல்லாம் அறியாத ஒரு சூத்திரத்தை வைத்துக்கொண்டு மலைப்பள்ளிக்கும் சமவெளிப் பள்ளிக்கும் பணம் பிரிக்கிறார்கள். எத்தனை முறை எழுதினாலும் காதில் விழுவதில்லை. இதற்கு மேல், இந்தத் திட்டத்துக்கு ஒன்றிய அரசும் மாநில அரசும் 60-க்கு 40 என்று பங்கு போட்டுத் தரவேண்டிய பணத்தில், தன் பங்கான 2,152 கோடியை 2024-25-ல் ஒன்றிய அரசு நிறுத்தி வைத்தது. பி.எம்.ஸ்ரீ என்ற ஒன்றிய அரசின் மாதிரிப் பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடாததுதான் காரணம். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. பெரியவர்கள் வழக்காடுகிறார்கள், பிள்ளைகள் ஒழுகும் வகுப்பறையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

எப்படியும் அந்த மானியம் கூரைக்கு உரியதன்று. சில்லறைப் பழுது, எழுதுபொருள், துப்புரவு இவற்றுக்கானது. கூரைக்கு வேறு வாசல் இருக்கிறது. உங்கள் பள்ளியில் ஆசிரியர் பள்ளிக்கல்வித் துறையைச் சேர்ந்தவர். கட்டடம் ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்தது. எனவே தலைமையாசிரியரிடம் கோபித்துக்கொள்வதில் பயனில்லை. ஏற்காடு வட்டார வளர்ச்சி அலுவலரிடம் மனு கொடுங்கள், ஒன்றியப் பொறியாளர் வந்து மதிப்பீடு போடவேண்டும் என்று கேளுங்கள். சாமான்களை மலைக்கு ஏற்றும் கூலி மதிப்பீட்டில் சேர்ந்திருக்கிறதா என்று தவறாமல் பாருங்கள். அது விட்டுப்போனால் எந்த ஒப்பந்தக்காரரும் எட்டிப் பார்க்கமாட்டார்.

மனுவோடு இரண்டு ஆவணங்கள் வேண்டும். ஒன்று கிராம சபைத் தீர்மானம். மற்றொன்று உங்கள் குழுவின் பள்ளி வளர்ச்சித் திட்டத்தில் இந்தக் கூரை இடம்பெற்ற பக்கம். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 22-ஆம் பிரிவு, அந்தத் திட்டத்தை அடிப்படையாகக் கொண்டே அரசு நிதி ஒதுக்கவேண்டும் என்கிறது. குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோரை வைத்ததும் இதற்காகத்தான். பல ஊர்களில் தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்து மட்டும் இருக்கிறது, மேலே வெள்ளைத் தாள். அப்படி ஒருநாளும் கையெழுத்திடாதீர்கள்.

ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்லவேண்டும், மலையில் பலரும் இங்கேதான் ஏமாந்து நிற்கிறார்கள். பள்ளியின் பெயர்ப் பலகையில் 'அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி' என்று இருந்தால் நான் மேலே சொன்ன வாசல் பொருந்தாது. அந்தப் பள்ளி பழங்குடியினர் நலத்துறையுடையது. கட்டட வேலை பெரும்பாலும் தாட்கோ என்கிற ஆதிதிராவிடர் வீட்டுவசதி மற்றும் மேம்பாட்டுக் கழகத்தின் வழியாகப் போகும். மனு சேலத்தில் உள்ள பழங்குடியினர் நலத் திட்ட அலுவலருக்குப் போகவேண்டும். பிள்ளைகள் விடுதியில் தங்காமல் வீட்டிலிருந்து வந்துபோனாலும் அப்படித்தான். மாறாக, படிக்கிற பிள்ளைகள் அத்தனை பேரும் பழங்குடியினராக இருந்தும் பலகையில் 'ஊராட்சி ஒன்றியம்' என்று எழுதியிருந்தால் அந்தத் துறைக்குப் போகவேண்டாம். 'எங்களுடையதில்லை' என்று ஆறு மாதம் கழித்துத் திருப்பி அனுப்புவார்கள். பலகையைப் படித்துவிட்டு மனு எழுதுங்கள்.

இப்போது அந்த மனிதர். கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி உண்மையானது. 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் பெரிய கம்பெனிகள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தை இப்படிச் செலவிடச் சொல்கிறது. ஆனால் நிர்வாகச் செலவு 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, அதுவும் கம்பெனியின் கணக்கு. கம்பெனிக்காக வேலை செய்து கொடுக்கும் அமைப்புக்கு மத்திய அரசின் பதிவு எண் இருக்கவேண்டும். அதைக் கேளுங்கள். 'பொதுமக்கள் பங்களிப்பு' என்று பேச்சை மாற்றுவார். 'நமக்கு நாமே' திட்டத்தில் ஊரார் மூன்றில் ஒரு பங்கு போடுவது உண்டு, ஆனால் அது அரசுக் கணக்கில் செலுத்தப்படும். அதைக் கையில் வாங்க எந்தத் தனிமனிதருக்கும் உரிமை கிடையாது. உங்கள் ஊரில் காப்பித் தோட்டக்காரரோ சேலத்து வெள்ளிப் பட்டறைக்காரரோ உண்மையாகவே கொடுக்க விரும்பினால், 2022 டிசம்பரில் அரசு தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி' அமைப்பின் தளத்தில் பள்ளியையும் வேலையையும் குறிப்பிட்டு நேரடியாகச் செலுத்தலாம். நடுவில் ஆள் தேவையில்லை.

எனக்கு 80 ஆயிரத்தைவிட அந்த முத்திரைக் கடிதம்தான் கவலை தருகிறது. நான் தணிக்கை பார்த்த ஒரு பள்ளியின் கடிதத்தை வைத்துக்கொண்டு ஒருவர் எஸ்டேட் எஸ்டேட்டாக நன்கொடை வசூலித்துவிட்டு மறைந்தார். பள்ளிக்கு வந்தது ஒரு சுவருக்குச் சுண்ணாம்பும், வசூலித்த தொகை எங்கே என்று கேட்கிற கடிதங்களும். குழுத் தலைவியாக இருந்த ஒரு கூலித் தொழிலாளிப் பெண் இரண்டு ஆண்டு அலைந்தார்.

ஆகவே இன்றே ஒரு கடிதம் எழுதுங்கள்: 'இன்னாரிடம் கொடுத்த பரிந்துரைக் கடிதம் இந்தத் தேதியோடு ரத்து செய்யப்படுகிறது, எங்கள் பெயரால் யாரும் பணம் வசூலிக்க அனுமதி இல்லை.' அடுத்த கூட்டத்தில் அதைத் தீர்மானமாகப் பதிவு செய்து, நகலை வட்டாரக் கல்வி அலுவலருக்குக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். ஒழுகுகிற அறையில் அதுவரை பிள்ளைகளை உட்காரவைக்க வேண்டாம். 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து 3 மாணவர்கள் இறந்தார்கள். பொறியாளர் மாதக்கணக்கில் வரவில்லையென்றால், ஒப்புகைச் சீட்டுகளை எடுத்துக்கொண்டு ஏதாவது ஒரு திங்கட்கிழமை சேலம் ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு இறங்கி வாருங்கள்.