எல் பாசோவுக்குப் போகும்போது வைட் சாண்ட்ஸ் பாலைவனப் பூங்காவில் சூரிய அஸ்தமனம் பார்க்க எப்படித் திட்டமிடுவது?

ஆகஸ்டில் அம்மாவையும் அழைத்துக்கொண்டு திருகோணமலையிலிருந்து அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து எல் பாசோவில் படிக்கும் தம்பியிடம் போகிறீர்கள். ஒரேயொரு மாலைதான் கையில் இருக்கிறது. ஐந்து மணிக்குப் புறப்பட்டால் சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் உப்புவெளிக்காரன்தான். அண்ணன் குடும்பம் பூங்காவுக்கு மேற்கே உள்ள லாஸ் குரூசஸ் நகரில் இருப்பதால் அந்தப் பக்கம் போய்வந்த பழக்கம் உண்டு. ஐந்து மணிக்குப் புறப்பட்டாலும் சூரியன் மறைவதைப் பார்த்துவிடலாம். ஆனால் நான்கு மணிக்கே புறப்படுங்கள்.

நம் ஊரில் பொழுது சாயும் நேரத்தை யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. ஆண்டு முழுவதும் ஆறு மணியை ஒட்டித்தான் சாயும். பூங்கா இருக்கும் நியூ மெக்சிக்கோ மாநிலத்தில் அது டிசம்பரில் ஐந்து மணியளவில், ஜூன் கடைசியில் எட்டு மணியும் கடந்து. நீங்கள் போகும் ஆகஸ்டில் ஏறக்குறைய ஏழரைக்கும் எட்டுக்கும் நடுவில். போகும் நாளுக்குரிய நேரத்தைப் பார்த்துக்கொண்டு, அதற்கு இரண்டு மணி நேரம் முன்னதாகப் பூங்கா வாசலில் நிற்குமாறு கணக்கிடுங்கள். எல் பாசோவிலிருந்து கார் ஓட்டம் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல். டெக்சாஸின் பெரும்பகுதி வேறு நேர வலயம் என்றாலும் எல் பாசோவும் பூங்காவும் ஒரே நேரத்தில்தான் இயங்குகின்றன. அந்தக் குழப்பம் உங்களுக்கு இல்லை.

அந்த இரண்டு மணி நேரம் ஆடம்பரமல்ல. பூங்காவைச் சுற்றி ஏவுகணைச் சோதனைத் தளம் இருக்கிறது. சோதனை நடக்கும் நாட்களில் பூங்காவையும் லாஸ் குரூசஸ் பக்கத்து 70ஆம் நெடுஞ்சாலையையும் சில மணி நேரம் மூடிவிடுவார்கள். பூங்காவின் இணையதளத்தில் முன்கூட்டியே அறிவிப்பார்கள். முந்தின நாள் இரவும் புறப்படும் அன்று காலையும் தம்பியைப் பார்க்கச் சொல்லுங்கள். இதைப் பார்க்காமல் கிளம்புகிறவர்கள்தான் வாசலில் நின்று வெறும் வானத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள்.

உள்ளே மணற்குன்றுகளுக்கு நடுவே எட்டு மைல் சாலை. முதல் ஐந்து மைல் தார், மீதி இறுகிய மணல். சாதாரணக் காரே போகும். குடிதண்ணீர் வாசலில் உள்ள பார்வையாளர் மையத்தில் மட்டும்தான். அதைத் தாண்டினால் ஒரு குழாய்கூடக் கிடையாது. தலைக்குக் குறைந்தது இரண்டு பெரிய போத்தல் காரில் இருக்கட்டும். மிகைப்படுத்துகிறேன் என்று நினைக்க வேண்டாம். 2015 ஆகஸ்டில் ஒரு பிரெஞ்சுத் தம்பதியர் சிறிதளவு தண்ணீரோடு அல்கலி பிளாட் நடைபாதையில் இறங்கி வெப்பத்தால் இறந்துபோனார்கள். உடன் வந்த சின்ன மகன் மட்டும் பிழைத்தான். அந்தப் பாதை ஐந்து மைல், நிழலே இல்லை. ‘கொஞ்ச தூரம் போய்ப் பார்ப்போம்’ என்று தம்பி இழுத்தாலும் போகாதீர்கள்.

அம்மாவுக்கு ஏற்றது மணலுக்கு மேல் பலகை போட்ட குறுகிய நடைபாதை. போக, வர அரை மைலுக்கும் குறைவு. சக்கர நாற்காலியும் போகும். பூங்கா அலுவலர் அழைத்துச் செல்லும் ‘சன்செட் ஸ்ட்ரோல்’ என்ற நடையும் பல நாட்களில் உண்டு. அஸ்தமனத்துக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்பு தொடங்கும். இளையவர்களுக்கு அது பிடிக்கும். அம்மா மணலில் ஏறி இறங்க வேண்டியிருக்குமே என்றால் விட்டுவிடுங்கள், சாலையோரக் குன்றே போதும். வெறுங்காலோடு நடக்கலாம். அது சாதாரண மணல் அல்ல, ஜிப்சம் என்ற வெள்ளைக் கனிமம். வெயிலை வாங்கிச் சூடேறாமல் திருப்பி அனுப்பிவிடுகிறது. 275 சதுர மைலுக்குப் பரந்து கிடக்கும் அது உலகிலேயே மிகப் பெரிய ஜிப்சம் மணற்பரப்பு.

இனி நீங்கள் கேட்காத விஷயம். எல்லாரும் மேற்கே பார்த்து நிற்பார்கள். அங்கே சான் அண்ட்ரேஸ் மலைத்தொடர் குறுக்கே கிடப்பதால், குறித்த நேரத்துக்குச் சில நிமிடங்கள் முன்பே சூரியன் அதற்குப் பின்னால் போய்விடும். உடனே பாதிப் பேர் காருக்குத் திரும்புவார்கள். நீங்கள் கிழக்கே திரும்புங்கள். உப்புவெளிக் கடற்கரையில் பொழுது நம் முதுகுப் பக்கம் நிலத்துக்குள் இறங்க, நாம் கடலின் நிறம் மாறுவதைப் பார்த்துக்கொண்டிருப்போம் அல்லவா, அதே பழக்கம்தான். வெள்ளை மணல் முதலில் மஞ்சளாகும், பிறகு இளஞ்சிவப்பு, பிறகு கத்தரிப்பூ நிறம். வானம் தெளிவாக இருந்தால் அடிவானத்தில் சாம்பல் நீலப் பட்டை ஒன்று மெல்ல ஏறும். அது பூமியின் நிழல். அதன் மேல் இளஞ்சிவப்புப் பட்டை. நல்ல படங்கள் எல்லாம் இந்த இருபது நிமிடத்தில்தான் எடுக்கப்படுகின்றன.

ஆகஸ்ட் அங்கே இடிமழைக் காலம். பிற்பகலில் மேகம் திரளும். அதனால் அஸ்தமன நிறம் இன்னும் அழகாக இருக்கும். இடிச் சத்தம் கேட்டால் மட்டும் குன்றிலிருந்து இறங்கிக் காருக்குள் போய்விட வேண்டும். அந்தத் திறந்த வெளியில் உயரமான பொருள் நீங்கள்தான்.

இருட்டில் எல்லாக் குன்றும் ஒன்றுபோலத் தெரியும். காற்று கால்தடத்தை அழித்துவிடும். அதனால் கார் கண்ணில் படும் தூரத்திலேயே உட்காருங்கள், ஆளுக்கொரு டோர்ச் வைத்திருங்கள். பூங்காவை மூடும் நேரம் பருவத்துக்குப் பருவம் மாறும்; வாசலில் எழுதியிருப்பார்கள். அதற்குள் கார் வெளியே வந்துவிட வேண்டும்.

திரும்பும் வழிக்கு இரண்டு தெரிவுகள் உண்டு: கிழக்கே உள்ள அலமகோர்டோ நகரின் பக்கம் அல்லது லாஸ் குரூசஸ் பக்கம். லாஸ் குரூசஸ் பக்கம் வந்தால் நெடுஞ்சாலையில் எல்லைக் காவல் சோதனைச் சாவடி இருக்கிறது. ஒவ்வொரு காரையும் நிறுத்திக் குடியுரிமை கேட்பார்கள். உங்களுடையதும் அம்மாவினதும் கடவுச்சீட்டுகள், தம்பியின் மாணவர் விசா ஆவணங்கள் எல்லாம் கையில் இருக்க வேண்டும். பெட்டிக்குள் வைத்துக் காரின் பின்பக்கம் பூட்டிவிடாதீர்கள்.