ஆறினால் வருகிறது, சூட்டில் வர மறுக்கிறது

கேள்வி: என்னிடம் 2014 மாடல் 100 சிசி கார்புரேட்டர் பைக் இருக்கிறது. காலையில் ஒரே உதையில் ஸ்டார்ட் ஆகிவிடும். செஞ்சியில் இருக்கும் கடைக்குப் போய் நிறுத்தி, டீ குடித்துவிட்டு வந்து எடுத்தால் செல்ஃபிலும் வராது, கிக்கரிலும் வராது. அரை மணி நேரம் போனால் ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகிறது. தினமும் இப்படி இல்லை, வாரத்தில் இரண்டு மூன்று நாள்தான். பேட்டரியும் பிளக்கும் மாற்றியாகிவிட்டது. கார்புரேட்டரை இரண்டு தடவை கழற்றிச் சுத்தம் செய்தாகிவிட்டது. இப்போது "சிடிஐ மாத்திப் பார்ப்போம், இல்லைன்னா போர் வேலை" என்கிறார் மெக்கானிக். சிடிஐ என்பது பிளக்குக்குப் பொறி அனுப்பும் எலக்ட்ரானிக் பெட்டியாம், போர் வேலை என்றால் தேய்ந்த சிலிண்டரைச் சரிசெய்வதாம். 7,000 ரூபாய் ஆகுமாம். ஒரு தடவை ஓடும்போதே நின்றிருக்கிறது. என்ன செய்யலாம்? – திண்டிவனம் வாசகர்

பதில்: முதலில் அந்த 7,000 ரூபாயை வெளியே எடுக்காதீர்கள். போர் தேய்ந்திருந்தால் சைலன்சரில் புகை தெரியும், ஆயில் குறையும், மேட்டில் இழுவை போகும். தொல்லை எல்லா நாளும் இருக்கும். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் தேயும் போரை என் முப்பது வருட ஸ்பேனர் வாழ்க்கையில் நான் பார்த்ததில்லை.

உங்கள் மெக்கானிக்கைத் திருடர் என்று சொல்லவில்லை. அவரிடம் நீங்கள் வண்டியைக் கொண்டுபோகும்போது அது நன்றாக இருக்கிறது, அதுதான் சிக்கல். அவர் உதைக்கிறார், வருகிறது. அப்புறம் அவர் என்ன செய்வார்? தோன்றியதை மாற்றுவார். சர்வீஸ் சென்டரிலும் இதே கதைதான். ஜாப் கார்டில் 'ஸ்டார்டிங் டிரபிள்' என்று இரண்டே வார்த்தை எழுதுவார்கள். எப்போது, எத்தனை கிலோமீட்டர் ஓடிய பிறகு, சூட்டிலா குளிரிலா என்று கேட்க அந்தத் தாளில் இடமே கிடையாது. சாயங்காலம் வாட்டர் வாஷ் செய்து, பாலிஷ் போட்டு, "நல்லாத்தான் இருக்கு சார்" என்று சாவியைக் கையில் கொடுப்பார்கள். ஆகவே, வண்டி வர மறுக்கும் அந்த அரை மணி நேரத்தில் சோதனையை நீங்கள்தான் செய்தாக வேண்டும். கஷ்டமில்லை. ஒரு புது பிளக் மட்டும் வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், நூறு, நூற்றைம்பது ரூபாய்தான்.

அடுத்த முறை செஞ்சியில் மறுத்ததும் முதல் வேலையாக பெட்ரோல் டேங்க் மூடியைத் திறங்கள். காதைக் கிட்டே வையுங்கள். 'புஸ்' என்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்கிறதா? கேட்டால் மூடியைத் திறந்தபடியே ஒரு நிமிடம் விட்டுவிட்டு, மூடிய பிறகு உதையுங்கள். வண்டி வந்துவிட்டால் உங்கள் வியாதி அங்கேதான்.

இதை யாரும் நம்ப மாட்டார்கள் என்பதால் கொஞ்சம் விளக்குகிறேன். டேங்கிலிருந்து பெட்ரோல் இறங்க இறங்க, அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். அதற்காக மூடியில் ஊசிமுனை அளவுக்கு ஒரு வழி இருக்கிறது. தூசியும் துருவும் அதை அடைத்துவிட்டால் உள்ளே வெற்றிடம் உண்டாகி, பெட்ரோலைக் கீழே விடாமல் பிடித்துக்கொள்ளும். எண்ணெய் டின்னில் ஒரு ஓட்டை மட்டும் போட்டுக் கவிழ்த்துப் பாருங்கள், நின்று நின்றுதான் ஊற்றும். அதே கதை. வண்டி நின்ற பிறகு இடுக்கு வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று நுழையும். அரை மணி நேரத்தில் பெட்ரோல் மறுபடி இறங்கும். நீங்கள் 'ஆறிவிட்டது, அதனால் வருகிறது' என்று நினைத்துக்கொள்வீர்கள். சூட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

ஒரு மழைக்காலத்தில் என் பட்டறைக்கு ஒரு வண்டி வந்தது. இரண்டு இடத்தில் பார்த்துவிட்டுக் கொண்டுவந்திருந்தார்கள். புது கார்புரேட்டரே போட்டாகிவிட்டது. நான் மூடியைத் திறந்தால், அடியில் வளையல் கடை பாலிதீன் பை ஒன்று, நாலாக மடித்து வைத்திருக்கிறது. மழைத் தண்ணீர் டேங்கில் இறங்கிவிடக் கூடாது என்று வீட்டுப் பெரியவர் வைத்தது. எடுத்துப் போட்டேன், வேலை முடிந்தது. உங்கள் மூடிக்கு அடியிலும் பாருங்கள். பழைய ரப்பர் வாஷர் ஊறித் தடித்து வழியை அடைத்திருக்கவும் கூடும். இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள்: டேங்க் நிரப்பிய அன்று தொல்லை அதிகமாக இருக்கிறதா? நிறைந்த டேங்கில் மேலே காற்றுக்கு இடம் குறைவு, அரை லிட்டர் இறங்கினாலே வெற்றிடம் பலமாகிவிடும். பாதி டேங்கில் அதே அரை லிட்டர் பெரிதாகத் தெரியாது. 'வாரத்தில் இரண்டு நாள்' என்ற புதிருக்கு விடை இதுவாகவே இருக்கலாம்.

ஓடும்போதே ஒரு தடவை நின்றது என்று கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். கடிதத்திலேயே முக்கியமான வரி அதுதான். எப்படி நின்றது? இழுத்து இழுத்து, திணறித் திணறி நின்றிருந்தால் பெட்ரோல் வரவில்லை. சாவியைத் திருப்பியதுபோல் சட்டென்று அடங்கியிருந்தால் கரன்ட் போயிருக்கிறது.

மூடியில் சத்தம் இல்லை, திறந்து மூடி உதைத்தும் வரவில்லை என்றால் கரன்ட்டைப் பாருங்கள். பிளக்கைக் கழற்ற வேண்டாம். அதன் மேலிருக்கும் ரப்பர் தொப்பியை மட்டும் இழுத்தெடுத்து, கையிலிருக்கும் புது பிளக்கில் மாட்டுங்கள். அந்த பிளக்கின் இரும்பு உடம்பு இன்ஜினில் பெயின்ட் இல்லாத ஏதாவது ஒரு போல்ட் தலையில் தொட்டபடி இருக்கட்டும். தொப்பியைத்தான் பிடிக்க வேண்டும், இரும்பைத் தொட்டால் தூக்கிப் போடும். டேங்க் மூடி மூடியிருக்கிறதா, பக்கத்தில் பெட்ரோல் சிந்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சாவியை ஆன் செய்து, நிழலில் வைத்து, இன்னொருவரை உதைக்கச் சொல்லுங்கள். நீல நிறத்தில் 'டப் டப்' என்று பொறி அடித்தால் கரன்ட் சரி. பொறியே இல்லை என்றால், உடனே ஹேண்டிலை இடப்பக்கம் முழுக்க, வலப்பக்கம் முழுக்கத் திருப்பி மறுபடி உதையுங்கள். ஒரு பக்கம் திருப்பும்போது மட்டும் பொறி வந்தால், ஹெட்லைட்டுக்குப் பின்னால் மடங்கி மடங்கி உள்ளே நைந்த கம்பிதான் குற்றவாளி. இரண்டு அங்குலக் கம்பிக்கும் டேப்புக்கும் எவ்வளவு ஆகிவிடப் போகிறது?

எந்தப் பக்கம் திருப்பியும் பொறி இல்லை என்றால் என் சந்தேகம் பல்ஸர் காயில் மேல், அதாவது பொறி எப்போது அடிக்க வேண்டும் என்று சிடிஐக்குச் சொல்லும் சின்னக் கம்பிச் சுருள். அது இன்ஜினோடு ஒட்டி, மேக்னெட் மூடிக்குள் வேகிற பொருள். உள்ளே முடி போன்ற கம்பி விட்டுப்போயிருந்தால், குளிரில் தொட்டுக்கொண்டிருக்கும், சூட்டில் விலகும், ஆறியதும் மறுபடி ஒட்டும். மெக்கானிக்கிடம் போய் வண்டி சூடாக இருக்கும்போதே மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சூட்டில் ரீடிங் கால் பங்கு வரை கூடுவது இயல்பு, செம்புக் கம்பியின் குணம் அது. ரீடிங்கே காட்டவில்லை என்றால்தான் காயில் போய்விட்டது. மறுநாள் காலையில் குளிரில் பார்த்துவிட்டு "காயில் ஓகே" என்று சொன்னால் அந்தச் சொல்லுக்கு மதிப்பில்லை. சில கம்பெனிகள் பல்ஸர் காயிலைத் தனியாகத் தருவதில்லை, காயில் பிளேட்டோடு மொத்தமாகத்தான் வாங்க வேண்டும் என்பார்கள். விரல் நுனி அளவு பொருளுக்காக முழு செட்டையும் வாங்கச் செய்யும் இந்த ஏற்பாட்டைக் கேட்க ஆளில்லை.

சிடிஐயை மாற்றலாம் என்கிறாரே, அதற்கு முன் ஒன்று செய்யச் சொல்லுங்கள். பல 100 சிசி வண்டிகளில் சாவி ஆஃப் செய்ததும் கரன்ட்டை அடக்குவது சிடிஐக்குப் போகும் ஒரு கம்பி, பெரும்பாலும் கறுப்பில் வெள்ளைக் கோடு போட்டது. பொறி வராத நேரத்தில் அந்த ஒரு கம்பியை மட்டும் பிரித்துவிட்டு உதைத்துப் பார்க்கட்டும். பொறி வந்தால் சிடிஐ நல்லது, கோளாறு சாவி லாக்கில் அல்லது அதன் வயரில். அப்படி விட்டால் சாவியால் வண்டியை அணைக்க முடியாது, அதனால் இது சோதனைக்கு மட்டும்.

பேட்டரி மாற்றியது வீண் செலவு என்றே நினைக்கிறேன். உங்கள் வகை வண்டிகளில் பலவற்றுக்கு, கிக்கரில் வர பேட்டரியே தேவையில்லை. காலையில் பேட்டரி ஃபியூஸைக் கழற்றிவிட்டு ஒரு உதை உதையுங்கள். வந்தால் உடனே அணைத்துவிட்டு ஃபியூஸை மாட்டிவிடுங்கள். அப்படி வந்தது என்றால், பேட்டரியால்தான் கிக்கரில் வரவில்லை என்று சொன்னவரிடம் பழைய பேட்டரியைத் திருப்பிக் கேளுங்கள். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ்6 இன்ஜெக்‌ஷன் வண்டி வைத்திருப்பவர்கள் இந்தப் பத்தியைத் தங்களுக்கு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அவற்றில் பெட்ரோலை இன்ஜினுக்குத் தள்ளும் பம்ப்பே பேட்டரியில்தான் ஓடுகிறது.

இனி எந்த பார்ட் மாற்றினாலும் பழையதைக் கையில் வாங்குங்கள். புதியதை நீங்களே பில் போட்டு வாங்கிக் கொடுங்கள். பட்டறைக்குப் பக்கத்துக் கடையில்தான் வாங்க வேண்டும் என்று வற்புறுத்தினால் அதற்குள் கமிஷன் இருக்கிறது என்று அர்த்தம்.

இந்தக் கட்டத்தில்தான் ஒருவர் வருவார். சில சமயம் மெக்கானிக்கே, சில சமயம் அவருக்குத் தெரிந்த புரோக்கர். "இந்த வண்டி இனி சரிப்படாது சார், பன்னிரண்டாயிரத்துக்கு நான் எடுத்துக்கிறேன், எக்ஸ்சேஞ்சில் புதுசு எடுங்க" என்பார். வாங்கிக்கொண்டுபோய் அந்த ஊசிமுனை வழியைக் குத்திவிட்டு இருபத்தைந்துக்கு விற்பார். காசு போவதுகூடப் பெரிதில்லை. பெயர் மாற்றத்துக்கான ஃபாரம் 29, 30-ல் தேதி போடாமல் உங்களிடம் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்வார். வண்டி நாலு கை மாறும், ஆர்சியில் உங்கள் பெயரே இருக்கும். யாரோ எங்கோ இடித்தால் சம்மன் உங்கள் வீட்டுக்கு வரும். ஆன்லைனில் எல்லாம் வந்துவிட்டது என்கிறார்கள், ஆனால் புரோக்கர் இல்லாமல் பெயர் மாற்றிய எத்தனை பேரை உங்களுக்குத் தெரியும்? விற்றே ஆக வேண்டுமானால், வாங்குபவர் பெயரும் தேதியும் எழுதாத படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். மத்திய போக்குவரத்து அமைச்சகத்தின் பரிவாகன் இணையதளத்தில் பெயர் மாறியதை நீங்களே பார்க்கும்வரை விடாதீர்கள்.

உங்கள் வண்டிக்கு விற்கும் வயது வரவில்லை. நாளைக் காலையில் கிளம்பும் முன் மூடியைக் கழற்றி, மண்ணெண்ணெயில் நனைத்துத் துடைத்து, சின்ன வழியை மெல்லிய கம்பியால் குத்தி, வாயால் ஊதிப் பாருங்கள். காற்று போகிறதா என்று தெரிந்துவிடும். அப்புறம் சீட்டுக்கு அடியில் டூல் கிட்டைத் திறந்து பிளக் ஸ்பேனர் இருக்கிறதா என்று பாருங்கள். இத்தனை சர்வீஸ் பார்த்த வண்டியில் இருக்காது என்றுதான் நினைக்கிறேன்.