பழைய சீவுளியும் வாளும்: வாசகர் கேள்வி – பதில்

தச்சுக் கருவிகளைப் பேணுவது பற்றிச் சென்ற இதழில் எழுதியதைத் தொடர்ந்து, வன்னியின் பல பகுதிகளிலிருந்தும் கடிதங்கள் வந்துள்ளன. அவற்றுள் அமெரிக்காவில் செய்யப்பட்ட பழைய கைக்கருவிகளைச் சேர்ப்பது, துப்புரவாக்குவது, காட்சிக்கு வைப்பது பற்றிய கேள்விகளை இந்த இதழுக்கென எடுத்துக்கொண்டுள்ளேன்.

கேள்வி: என் பேரனார் வவுனிக்குளத்தில் காணி கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய தச்சர். அவருடைய இரும்புச் சீவுளி இப்போது என்னிடம் இருக்கிறது. அலகில் 'ஸ்ரான்லி, நியூ பிரிட்டன்' என்று பொறித்திருப்பதால் இது இங்கிலாந்துச் சீவுளி என்கிறார் ஒருவர். அமெரிக்கச் சீவுளி என்கிறார் இன்னொருவர். எது சரி? செய்யப்பட்ட காலத்தை அறிய வழியுண்டா?
– வாசகர், மல்லாவி

பதில்: அமெரிக்கச் சீவுளி என்றவர் சொன்னதே சரி. நியூ பிரிட்டன் என்பது அமெரிக்காவின் கனெற்றிக்கட் மாநிலத்தில் உள்ள நகரம். ஸ்ரான்லி நிறுவனத்தின் தாயகம் அதுதான். மண்ணெண்ணெய் தொட்ட துணியால் அலகை மெதுவாகத் துடைத்துப் பார்த்தால், ஊர்ப் பெயரை அடுத்து 'கொன்., யூ.எஸ்.ஏ.' என்ற எழுத்துகளும் தெரியக்கூடும். உங்கள் ஊரவருக்கு ஐயம் வந்ததிலும் நியாயம் இருக்கிறது. அதே நிறுவனம் 1930களின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரில் ஒரு தொழிற்சாலையை வாங்கி, அங்கும் சீவுளிகளைச் செய்யத் தொடங்கியது. 'மேட் இன் இங்லண்ட்' என்ற அடையாளத்தோடு வந்த அந்தச் சீவுளிகளும் நம் பக்கத்துத் தச்சர்களின் பெட்டிகளில் உண்டு.

ஆனால் அலகை மட்டும் வைத்து முடிவுக்கு வந்துவிட வேண்டாம். தீட்டித் தீட்டித் தேய்ந்த அலகைக் கழித்துவிட்டு வேறொன்றைப் போடுவது தச்சரின் வழக்கம் ஆகையால், அலகின் வயதும் உடலின் வயதும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அலகைக் கழற்றி வைத்துவிட்டு, அது சாய்ந்திருக்கும் இரும்புப் பீடத்தின் பின்பக்கத்தில், அடித்தட்டோடு சேர்த்து வார்த்த சிறிய எழுத்துகளைப் பகல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். 1902 மார்ச் 25, 1902 ஆகஸ்ட் 19 ஆகிய இரண்டு காப்புரிமைத் தேதிகள் மட்டும் இருந்தால், அது பெரும்பாலும் 1902க்கும் 1909க்கும் இடைப்பட்டது. அவற்றோடு 1910 ஏப்ரல் 19 என்ற மூன்றாவது தேதியும் இருந்தால், ஏறத்தாழ 1910 முதல் 1918 வரையான காலத்தது. சேகரிப்பவர்கள் மிகவும் விரும்பித் தேடுவது இந்த மூன்று தேதிச் சீவுளியைத்தான். வார்க்கப்பட்டிருப்பது காப்புரிமை கிடைத்த நாளே தவிரச் சீவுளி செய்த நாள் அல்ல என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முன்பக்கத்தில் 'பெய்லி' என்ற பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். லெனார்ட் பெய்லியின் காப்புரிமைகளை ஸ்ரான்லி 1869இல் வாங்கியது. பித்தளைச் சக்கரத்தைத் திருகி அலகை ஏற்றி இறக்கும் அமைப்பு அவருடைய வேலைப்பாட்டிலிருந்து வந்ததே.

அலகில் இதய வடிவத்துக்குள் 'எஸ்.டபிள்யூ.' ('ஸ்ரான்லி வேர்க்ஸ்' என்பதன் சுருக்கம்) என்ற எழுத்துகள் இருந்தால், அது பெரும்பாலும் 1920களையும் 1930களின் முற்பகுதியையும் சேர்ந்தது. நிறுவனத்துக்கு நெடுங்காலம் தலைமை தாங்கிய வில்லியம் ஹார்ட்டின் நினைவாக அந்த இதயம் பொறிக்கப்பட்டது. அலகை ஏற்றி இறக்கும் சக்கரம் பித்தளையாக இல்லாமல் கறுத்த இறப்பராகவோ இரும்பாகவோ இருந்தால், பித்தளைக்குத் தட்டுப்பாடு நிலவிய இரண்டாம் உலகப் போர்க் காலத்துச் சீவுளி என்று கொள்ளலாம். இவ்வளவையும் பார்த்த பிறகு, கைபிடியின் பக்கவாட்டிலோ சீவுளியின் கன்னத்திலோ உங்கள் பேரனார் தம் பெயரின் முதலெழுத்தைக் கொத்தியிருக்கிறாரா என்று தேடிப் பாருங்கள். இருந்தால் அதன்மேல் அரத்தாள் படவே கூடாது. தொழிற்சாலை இட்ட அடையாளம் ஆயிரக்கணக்கான சீவுளிகளில் உண்டு. இந்த எழுத்து இந்த ஒன்றில் மட்டுமே உண்டு.

கேள்வி: 2009இல் இடம்பெயரும்போது அப்பா தச்சுப் பெட்டியை வளவில் புதைத்துவிட்டு வந்தார். மீள்குடியேறிய பின் அதைத் தோண்டி எடுத்தோம். துறப்பணம், துறப்பண அலகுகள், ஓர் உளி எல்லாம் துரு ஏறிக் கிடக்கின்றன. கிரைண்டரில் தூரிகை பூட்டித் தேய்த்தால் புதிதுபோல ஆகும் என்கிறார்கள். செய்யலாமா?
– வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: தயவுசெய்து கிரைண்டரைக் கிட்டவும் கொண்டுவர வேண்டாம். அது துருவை மட்டும் எடுப்பதில்லை. செய்தவரின் பெயரையும் காப்புரிமை எண்ணையும் சேர்த்தே எடுத்துவிடும். அலகின் முனை சூடேறி நீலம் பாய்ந்தால், உருக்கின் பதமும் போய்விடும்.

மண்ணுக்குள் கிடந்த இரும்புக்கு ஒரு தனிக் குணம் உண்டு. மண்ணிலுள்ள உப்பு துருவின் அடியில் நுழைந்திருப்பதால், மேலே துடைத்து எண்ணெய் பூசினாலும் அடுத்த மாரியில் உள்ளிருந்து மீண்டும் துரு கிளம்பும். கடலுக்கு அண்மையான உங்கள் ஊரில் இதை எதிர்பார்த்தே வேலையைத் தொடங்க வேண்டும். முதலில் மரப்பகுதிகளைக் கழற்ற முடிந்தால் கழற்றி வையுங்கள். பிறகு சலவைச் சோடா சிறிதளவு கரைத்த மழைநீரில் இரும்பை ஊறவிட்டு, சில நாட்களுக்கு ஒருமுறை நீரை மாற்றிக்கொண்டிருங்கள். உப்பு வெளியேறுவதற்குப் பல வாரங்கள்கூடச் செல்லும், அவசரப்பட வேண்டாம். எடுத்ததும் துணியால் துடைத்து, உச்சி வெயிலில் நன்றாகச் சுட்டு உலரும்வரை வைத்து, மண்ணெண்ணெய் தொட்ட பித்தளைத் தூரிகையால் தேயுங்கள். செம்மஞ்சள் நிறத்தில் உதிரும் துருவே போக வேண்டியது. அதன் கீழே வழுவழுப்பாக இருக்கும் கருந்தவிட்டு நிறம் இரும்புக்குக் காவல், அதை விட்டுவிடுங்கள். வினாகிரியில் இரவு முழுவதும் போட்டு வைப்பது பலர் செய்யும் வேலைதான், ஆயினும் அது அந்தக் கருநிறத்தையும் தின்று, மெல்லிய பொறிப்புகளையும் மங்கச் செய்துவிடுவதால், பேண வேண்டிய கருவிக்கு நான் அதைச் சொல்வதில்லை.

துறப்பணத்தின் வாயை, அதாவது அலகைக் கவ்விப் பிடிக்கும் பகுதியை, திருகிக் கழற்றும்போது, உள்ளிருக்கும் இரண்டு தாடைகளும் கீழே விழுந்து தொலைந்துவிடாமல் ஒரு வெள்ளைத் துணியை விரித்துக்கொள்ளுங்கள். மசாசூசெற்ஸ் மாநிலத்தின் மில்லர்ஸ் ஃபோல்ஸ் நிறுவனத்தைப் பெயர்பெற வைத்தது, 1864இல் பார்பர் என்பவர் காப்புரிமை பெற்ற இந்த வகை வாய்தான். துறப்பண அலகுகளின் தண்டைப் பாருங்கள். 'ரசல் ஜெனிங்ஸ்' என்ற பெயர் தென்பட்டால், அது 1855இல் காப்புரிமை பெற்ற, இரட்டை முறுக்குள்ள அலகு. அதன் நுனியிலுள்ள சிறு திருகாணியை ஒருபோதும் அராவ வேண்டாம்.

காப்புப் பூச்சுக்குத் தேங்காய் எண்ணெய் உதவாது; நாளடைவில் காறிப் பிசுபிசுத்துத் தூசியைப் பிடிக்கும். தையல் மெஷின் எண்ணெயை மெல்லிதாகப் பூசுங்கள். காட்சிக்கு மட்டும் வைப்பதாயின், நம் காட்டுத் தேன்மெழுகை டர்பன்டைனில் கரைத்துப் பூசுவது அதைவிட மேல்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பெட்டி புதைத்த இடம் நினைவில் இருந்தாலும், கண்ணிவெடி அகற்றி விடுவிக்கப்பட்ட காணியில் மட்டுமே தோண்டுங்கள். இனந்தெரியாத இரும்பு எது தட்டுப்பட்டாலும், தொடாமல் விட்டு அறிவியுங்கள்.

கேள்வி: பழைய டிஸ்ரன் வாளின் கைபிடியைக் கறையான் அரித்துவிட்டது. புதிதாக முதிரையில் செய்து போடலாமா?
– வாசகர், கிளிநொச்சி

பதில்: போடலாம், ஆனால் பழைய கைபிடியை எறிந்துவிடாதீர்கள். கறையானைக் கொல்ல மருந்திட்டு உலர்த்தி, வாளோடு சேர்த்தே வையுங்கள். அதன் நடுவிலுள்ள பித்தளை வில்லையில்தான் வாளின் காலம் இருக்கிறது. ஹென்றி டிஸ்ரன் 1840இல் ஃபிலடெல்ஃபியாவில் தொழிலைத் தொடங்கியவர். வில்லையில் 'அன்ட் சன்' என்று ஒருமையில் இருந்தால், மகன் ஒருவர் கூட்டுச் சேர்ந்த 1860களின் நடுப்பகுதிக்குப் பிந்தியது; 'அன்ட் சன்ஸ்' என்று பன்மையில் இருந்தால், 1870களின் தொடக்கத்துக்குப் பிந்தியது. முதுகு வளைந்திருந்தால், 1874இல் காப்புரிமை பெற்ற டி-8 வகையாக இருக்கலாம். 'வொரன்ரட் சுப்பீரியர்' என்று மட்டும் எழுதிய வில்லை பல நிறுவனங்களின் வாள்களிலும் வந்த பொதுவான ஒன்று. அதைக் கொண்டு டிஸ்ரன் என்று சொல்லிவிட முடியாது. பித்தளைச் சுரைகளின் தலையில் நடுவே வெட்டுள்ள பழைய வகையானால், திருப்புளியின் முனையில் நடுப்பகுதியை அராவி இரண்டு பற்களாக்கிக்கொண்டு கழற்றுங்கள். சாதாரணத் திருப்புளியால் நெம்பினால் பித்தளை உடைந்துவிடும்.

கேள்வி: பாடசாலைக் கண்காட்சிக்கு ஊரவர்களிடம் கருவிகளை இரவல் வாங்கியிருக்கிறோம். பிறகு ஒரு வகுப்பறையிலேயே நிரந்தரமாக வைக்கவும் விரும்புகிறோம். எப்படி அடுக்குவது?
– ஆசிரியை, ஒட்டுசுட்டான்

பதில்: சீமெந்துச் சுவர் மாரியில் ஈரம் கசியும்; அதில் ஆணியடித்து நேரே மாட்ட வேண்டாம். சுவரிலிருந்து காற்றுப் போகும்படி இடைவெளி விட்டு, நன்கு உலர்ந்த பலகைச் சட்டம் பொருத்தி, அதில் மர முளைகளை அறைந்து மாட்டுங்கள். பச்சை மரத்தில் செய்த அலுமாரிக்குள் பூட்டினால், அதன் ஈரமும் புளிப்பும் இரும்பைத் தின்னும். பொலித்தீனால் சுற்றுவதும் தோலுறைக்குள் வைப்பதும் அப்படித்தான். சீவுளிகளை அலகு உள்ளே இழுக்கப்பட்ட நிலையில், மெல்லிய மரச்சலாகை ஒன்றின்மேல் முன்பக்கம் சற்று உயர வையுங்கள்.

நிறுவனப்படியோ விலைப்படியோ அடுக்குவதைவிட, வேலையின் ஒழுங்கில் அடுக்குவது பிள்ளைகளுக்குப் பயன் தரும்: மரத்தை அறுப்பது, சீவுவது, மட்டம் பார்ப்பது, துளைப்பது, பொருத்துவது. அருகில் பாதி சீவிய முதிரைப் பலகை ஒன்றையும் அதன் சுருளையும் வைத்தால், கருவி என்ன செய்யும் என்று தனியே விளக்க வேண்டியிராது.

ஒவ்வொன்றிலும் பருத்தி நூலால் ஒரு சிறு அட்டையைக் கட்டி, பென்சிலால் எண்ணிடுங்கள். மை மங்கும், பென்சில் மங்காது. அதே எண்ணில் ஒரு கொப்பியில், செய்த நிறுவனம், ஊர், காலம் ஆகியவற்றுக்கு மேலாக, அதை வைத்திருந்தவர் யார், எந்த வீட்டின் நிலையும் கதவும் அதனால் செய்யப்பட்டன, இடம்பெயர்ந்தபோது யார் சுமந்தார்கள் என்பவற்றையும் எழுதுங்கள். கனெற்றிக்கட்டின் வரலாற்றை யாரும் எங்கிருந்தும் தேடி எடுக்கலாம். முள்ளியவளையில் ஒரு சீவுளி செய்த வேலையை அறிந்தவர்கள் முதியவர்கள். கண்காட்சிக்குப் பிறகு பார்க்கலாம் என்று தள்ளிவைக்காமல், கருவியை இரவல் வாங்கும் அன்றே மாணவர்களை அனுப்பிக் கேட்டு எழுதச் செய்யுங்கள்.

கேள்வி: ரொறன்ரோவில் இருக்கும் மாமா விடுமுறைக்கு வரும்போது அமெரிக்கக் கருவி ஒன்று வாங்கி வருவதாகச் சொல்கிறார். எதைக் கேட்பது?
– வாசகர், நெடுங்கேணி

பதில்: தொடங்குபவருக்கு ஸ்ரான்லி நம்பர் 5 சீவுளி போதும். 14 அங்குல நீளமுள்ள அது ஏராளமாகச் செய்யப்பட்டதால், நியாயமான விலைக்கு அகப்படும், வேலைக்கும் உதவும். வாங்குமுன் வாய்ப்பகுதியின் இரு ஓரங்களிலும், பக்கச் சுவர்களிலும் வெடிப்பு உண்டா என்று நன்றாகப் பார்க்கச் சொல்லுங்கள். வார்ப்பிரும்பில் விழுந்த வெடிப்பைச் சரிசெய்வது கடினம். புதிதாகக் கறுப்புப் பூசிப் பளபளக்கும் சீவுளியைத் தவிர்க்கச் சொல்லுங்கள், பூச்சின் அடியில் எது மறைந்திருக்கிறது என்று தெரியாது. அலகைக் கழற்றித் தடித்த அட்டையில் சுற்றி, சீவுளியோடு சேர்த்து விமானத்தில் ஒப்படைக்கும் பெட்டிக்குள் வைக்க வேண்டும். கைப்பையில் கொண்டுவர விடமாட்டார்கள்.